ஒரு செமஸ்டருக்கு வருகிறவருக்கு ஜெர்மன் நண்பர்கள் கிடைப்பார்களா? கெம்னிட்ஸ், தன்னார்வப் பணி, இன்ன பிற

கேள்வி – 9 நவம்பர் 2024

மார்ச் கடைசியில் ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் கெம்னிட்ஸுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் வருகிறேன். மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. ஜெர்மன் ஏ2 (தொடக்க நிலை) முடித்திருக்கிறேன். முன்னால் போய் வந்த சீனியர்கள் எல்லோரும் "நம்ம ஆட்களோடதான் இருந்தோம், ஜெர்மன்காரன் ஒருத்தன்கூடப் பழக்கமில்ல" என்கிறார்கள். வாலன்டியரிங் போனால் பழக்கம் வரும் என்று ஒருவர் மட்டும் சொன்னார். நாலு மாதத்துக்காக அதெல்லாம் தேவையா? படிப்பு, கொஞ்சம் ஊர் சுற்றல், இது போதாதா? அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

10 நவம்பர் 2024

இங்கேதான் இருக்கிறேன். அக்டோபரில் வந்தேன், ஆகஸ்ட் வரை இருப்பேன்.

சீனியர்கள் சொன்னது பொய்யில்லை. முதல் இரண்டு வாரம் தினம் ஒரு நிகழ்ச்சி இருக்கும்: வரவேற்பு, ஊர் சுற்றிக் காட்டல், பப், விளையாட்டு இரவு. நூறு பேருக்குக் கை கொடுப்பீர்கள். அதில் தொண்ணூறு பேர் உங்களைப் போலவே ஊருக்குப் புதிது. ஸ்பெயின், துருக்கி, செக். நல்ல பிள்ளைகள், சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் பெட்டியோடு வந்தவர்கள், பெட்டியோடு கிளம்புகிறவர்கள். உள்ளூர் மாணவர்களோ பள்ளிக்கூட நண்பர்களோடு ஏற்கெனவே செட்டாகிவிட்டவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள், பாதி வகுப்பு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அவர்களுக்குத் திமிர் என்று இங்கே நம்ம ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குப் புது நண்பர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தேவைப்படாத ஒருவரிடம் போய் "காபி குடிக்கலாமா" என்று கேட்டால், நாட்காட்டியைப் பார்த்து மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமையைச் சொல்வார். அந்த வியாழக்கிழமை தவறாமல் வருவார் என்பது வேறு விஷயம்.

அதனால் என் பதில்: போங்கள். ஆனால் எதில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நாளை லேப், மீதி அப்புறம்.

12 நவம்பர் 2024

நான் போவது ரிப்பேர் கஃபே. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டினெ போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய ஏற்பாடு, இப்போது ஜெர்மனி முழுக்க இருக்கிறது. மாதம் ஒருமுறை, ஒரு சமூகக் கூடத்தில் மேசைகளைப் போட்டு உட்காருவார்கள். அக்கம்பக்கத்தார் பழுதான டோஸ்டர், விளக்கு, காபி மெஷின், ரேடியோ எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசலில் ஒரு தாள்: என்ன பொருள், என்ன கோளாறு, உடைந்தால் உங்களைக் கேட்கமாட்டேன் என்று ஒரு கையெழுத்து. (தாள் இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் தொடங்காது.) கூலி கிடையாது, உண்டியல் உண்டு. யாராவது கேக் செய்து எடுத்து வருவார்கள்.

முக்கியமான விதி ஒன்று: பொருளுக்கு உரியவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். விட்டுவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்ள முடியாது. ஏ2 ஜெர்மனுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. திருகாணியைக் கழற்றும் அரை மணி நேரம் இருவருக்கும் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது, பேச ஒரு காரணம் இருக்கிறது. பேச்சு நின்றால் யாருக்கும் சங்கடமில்லை, வேலை நடக்கிறதே. "நீ எங்கிருந்து வருகிறாய்" என்ற கேள்வி இருபதாம் நிமிடத்தில்தான் வரும். பார்ட்டியில் அது முதல் நிமிடத்தில் வரும், இரண்டாம் நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் மேசையில் அதிகம் வருவது கிழக்கு ஜெர்மனி காலத்து ஆர்ஜி28 மிக்ஸர். ஸூல் என்ற ஊரில் செய்தது. நாடே போய்விட்டது, மிக்ஸர் ஓடுகிறது. பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லை வயர் விட்டிருக்கும். என் பக்கத்து மேசைக்காரர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். அவர் படித்த காலத்தில் பள்ளியில் கட்டாய அந்நிய மொழி ரஷ்யன், ஆங்கிலம் சுத்தமாக வராது. என் ஜெர்மனை அவர் திருத்துவதில்லை, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் முறையைத் திருத்துகிறார்.

மின்சாரப் பொருள் என்றால் கடைசியில் தகுதி பெற்ற ஒருவர் பாதுகாப்புச் சோதனை செய்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். "நான் இஞ்சினியரிங் மாணவன்" என்று நீங்களே பிளக்கைச் செருகக் கிளம்ப வேண்டாம்.

13 நவம்பர் 2024

விசாவைப் பற்றித் தனிச் செய்தியில் இருவர் கேட்டிருக்கிறார்கள். மாணவர் விசாவில் வேலை செய்ய ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று மார்ச் 2024-இலிருந்து வரம்பு. முன்பு 120, 240. அது சம்பள வேலைக்கு. ஓர் அமைப்பு "கைச்செலவுக்கு" என்று பணம் கொடுத்தால் மட்டும், சேர்வதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். ரிப்பேர் கஃபேயில் எனக்குக் கிடைப்பது கேக்.

24 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் "குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலை பிடித்திருக்கிறது, அதில் சேரலாமா" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளோடு வேலை என்றால் விரிவான நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். அது தடையே இல்லை. அமைப்பிடம் கடிதம் வாங்கி நகர அலுவலகத்தில் கொடுத்தால், தன்னார்வலருக்கு 13 யூரோ கட்டணமும் தள்ளுபடி. என் தயக்கம் வேறு. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று வைப்பார்கள். அந்தப் பிள்ளை, நிறைய நேரம் அகதிக் குடும்பத்துப் பிள்ளை, உங்களோடு பழக இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். பழகிய கையோடு நீங்கள் விமானம் ஏறுவீர்கள். உங்களுக்கு நல்ல அனுபவம், நல்ல புகைப்படம். அந்தப் பிள்ளை இன்னொருவரை முதலிலிருந்து நம்பக் கற்க வேண்டும். ஓராண்டாவது இருப்பேன் என்று சொல்ல முடிந்தால் மட்டும் போங்கள்.

தன்னார்வத் தீயணைப்புப் படையும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. இந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ஊருக்கு ஊர் தச்சரும் ஆசிரியரும் கடைக்காரரும் மணி அடித்தால் ஓடுகிறார்கள். கேட்கும்போதே சிலிர்ப்பாக இருக்கும். ஆனால் அடிப்படைப் பயிற்சி முடிவதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும். பேரிடர் உதவிக்கான தேஹாவே அமைப்பும் அதே கதை. அவர்கள் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்துக்குப் பலன் வேண்டும் இல்லையா?

நாலு மாதக்காரருக்கு ஏற்றது, நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் யார் நின்றாலும் நடக்கிற வேலை.

25 நவம்பர் 2024

நேற்றைய கடைசி வரி கடுமையாக இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

8 டிசம்பர் 2024

"டாஃபெலில் வாலன்டியராகப் போனால் நமக்கும் இலவசக் காய்கறி கிடைக்குமா?" வேறொருவர் கேட்டது. கோபம் வந்தது. ஒரு நாள் விட்டு எழுதுகிறேன்.

டாஃபெல் 1993-இல் பெர்லினில் தொடங்கியது. கடைகளில் மிஞ்சும் நல்ல உணவை வாங்கி, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இன்று நாடெங்கும் 900-க்கும் மேல் இருக்கின்றன. அங்கே வரிசையில் நிற்கத் தன் வருமானத்தைத் தாளில் காட்ட வேண்டும். ஓய்வூதியம் போதாத கிழவிகளும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் நிற்கிறார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு 2022-இல் கூட்டம் தாங்காமல் பல டாஃபெல்கள் உணவு வாங்கப் புதிதாக வருபவர்களைப் பதிவதையே நிறுத்தின. நாமோ விசாவுக்கென்று முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டிவிட்டு வருகிறோம். என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று எழுதிக் கொடுத்த தாள்தான் அது. அங்கே காய்கறி பிரிக்கப் போங்கள், அழுகிய தக்காளியைப் பொறுக்கப் போங்கள், அவர்களுக்கு ஆள் எப்போதும் வேண்டும். வாங்கப் போகாதீர்கள்.

இலவசக் காய்கறிதான் ஆசை என்றால் அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. ஃபுட்ஷேரிங் என்று 2012-இல் தொடங்கியது. அங்கே ஏழை, பணக்காரர் கணக்கு இல்லை. உணவு குப்பைக்குப் போகக்கூடாது என்பதுதான் நோக்கம். ஊரில் சில இடங்களில் பொது அலமாரியோ குளிர்பெட்டியோ வைத்திருப்பார்கள், யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். கடைகளிலிருந்து நேரடியாக எடுத்து வர வேண்டுமானால் ஒரு வினாத்தாள் எழுதித் தேற வேண்டும், பழையவர்களோடு சில முறை போய்ப் பழக வேண்டும், பிறகு அடையாள அட்டை. சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் கடை ஒத்துழைப்பை நிறுத்திவிடும் என்பதால் நேர விஷயத்தில் ரொம்பக் கறார்.

இரவு கடை மூடும் நேரத்தில் ஒரு மூட்டை பிரெட்டோடு நிற்கும்போது பழக்கம் தானாக வரும். அதை யார் யாருக்குக் கொடுப்பது என்று விடுதியில் கதவு கதவாகத் தட்ட வேண்டுமே. என் தளத்தில் இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரிந்தது பிரெட்டால்தான்.

9 டிசம்பர் 2024

சான்றிதழ் கிடைக்குமா: கேட்டால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். முதல் நாளே கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

22 டிசம்பர் 2024

விடுதி காலி. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாலு மணிக்கே இருட்டுகிறது. இந்தப் பக்கம் எர்ட்ஸ்கெபிர்கெ மலையடிவாரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் வில் வடிவ மர விளக்கு வைப்பார்கள், சுரங்கத் தொழிலாளர்கள் காலத்து வழக்கம். தெரு அழகாக இருக்கிறது. அந்த அழகை ரசிக்க முடியாத நாட்களும் இருக்கின்றன.

மேலே "நம்ம ஆட்கள்" என்று லேசாகக் கிண்டல் அடித்திருந்தேன். போன வாரம் காய்ச்சல். ரிப்பேர் கஃபே பெரியவர் உடம்பு தேறட்டும் என்று செய்தி அனுப்பினார், அன்பானவர். ரசம் கொண்டு வந்தது கீழ்த்தளத்துத் திருச்சிக்கார அண்ணன். மூன்று நாள் கொண்டு வந்தார். ஒரு நாள்கூட உட்காரச் சொல்லவில்லை என்று பிறகு சொல்லிக் காட்டினார், அதுவும் நம்ம ஊர்ப் பாசம்தான். ஜெர்மன்காரரோடு பழகுவதற்காக இவர்களைத் தள்ளி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலையை மட்டும் தமிழ் வாட்ஸாப் குழுவுக்கு எட்டாமல் ஒதுக்கி வையுங்கள், அது போதும்.

19 ஜனவரி 2025

நேற்று பண்பாட்டுத் தலைநகர் தொடக்க விழா. கெம்னிட்ஸும் ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்ஸாவும் 2025-க்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்கள். கார்ல் மார்க்ஸ் தலைக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. தெரியாதவர்களுக்கு: 1953 முதல் 1990 வரை இந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். 1971-இல் வைத்த ஏழு மீட்டர் உயர வெண்கலத் தலை இன்னும் நிற்கிறது. உடம்பு கிடையாது, தலை மட்டும். அதைப் படம் எடுத்து அனுப்பினேன், "மீதி எங்கடா" என்று கேட்டார் அப்பா.

இந்த ஆண்டுக்கென்று தன்னார்வலர் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். வழி காட்டுவது, தகவல் சொல்வது, நிகழ்ச்சிகளில் உதவுவது. மார்ச்சில் வருபவர் இதைப் பாருங்கள். ஆண்டோடு முடிகிற வேலை என்பதால் நாலு மாதக்காரரைக் குறைவாகப் பார்க்கமாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். 2018 ஆகஸ்டில் இங்கே நடந்த வலதுசாரிக் கலவரம் உலகச் செய்தி. வீட்டில் கூகிளில் ஊர்ப் பெயரைத் தட்டினால் முதலில் அதுதான் வரும், அம்மாக்கள் பயப்படுவார்கள். இதுவரை என் மேல் யாரும் கை வைத்ததில்லை. டிராமில் ஒருமுறை குடித்திருந்த ஒருவர் எதையோ சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமாக இருந்தது. எதிர் இருக்கை அம்மாள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த நிறுத்தம் என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்தார். இரண்டும் நடந்தது. ஒன்றை மட்டும் சொன்னால் ஊரைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி. இரவில் தனியாக ரயில் நிலையப் பக்கம் சுற்றாதீர்கள், எந்த ஊருக்கும் சொல்கிற அறிவுரைதான்.

2 பிப்ரவரி 2025

தேர்வு நேரம், சுருக்கமாக. பயணச்சீட்டு கேட்டவருக்கு: நாடு முழுக்கப் போகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025 ஜனவரியில் 49-இலிருந்து 58 யூரோவாக ஏறியது. வாங்குவதற்கு முன் உங்கள் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே பயணச்சீட்டு வருகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் கூட்டத்தில் பாதி கிளம்புகிறது. நவம்பரில் அவர்களைப் பற்றி "பெட்டியோடு கிளம்புகிறவர்கள்" என்று எழுதியதை இப்போது படித்தால் என்னவோபோல் இருக்கிறது. செக் நாட்டுப் பையன் ஒருவன் தன் சைக்கிளை எனக்கு விட்டுவிட்டுப் போனான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களோடுதான் பழக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வந்தால் இவனைத் தவறவிட்டிருப்பேன்.

30 மார்ச் 2025

கேள்விக்காரர் வந்து சேர்ந்துவிட்டார்! ரயில் நிலையத்தில் பார்த்தேன், இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி நியாயமானது: "நீங்க சொல்ற எடத்துல எல்லாம் எழுபது வயசுக்காரங்கதான இருக்காங்க? என் வயசு ஆளு எங்க?" உண்மை. ரிப்பேர் கஃபேயில் என்னைவிட இளையவர் நான் பார்த்தது ஒரு குழந்தையை, அதுவும் பொம்மை ரயிலைக் கொண்டு வந்திருந்தது.

இதற்குப் பதில் குளிர்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது, இங்கே எழுத விட்டுப்போயிற்று. ஸ்டூடன்ட் கிளப். இந்தப் பகுதிப் பல்கலைக்கழக ஊர்களில், டிரெஸ்டனிலும் இங்கேயும், விடுதிகளை ஒட்டியே மாணவர்கள் நடத்தும் கிளப்புகள் கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்து இருக்கின்றன. பார், சினிமா இரவு, வினாடி வினா, எல்லாமே சம்பளமில்லாமல் மாணவர்கள் நடத்துவது. வாடிக்கையாளராகப் போய் உட்கார்ந்தால் அது வெறும் பார். "டியூட்டிக்கு ஆள் வேண்டுமா" என்று கேட்டால் கதை மாறிவிடும். அடுத்த செவ்வாய் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வைத்துவிடுவார்கள். கிளாஸ் கழுவ வேண்டும், காலிப் பாட்டில் பெட்டி தூக்க வேண்டும், மூடிய பிறகு தரை துடைக்க வேண்டும். துடைத்து முடித்து நள்ளிரவில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்தான் நீங்கள் தேடுவது. நான் குடிப்பதில்லை, அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கணக்கு சரியாக இருக்க ஒரு ஆள் கிடைத்தான் என்று கல்லாவைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கிளப்பும் பதிவு செய்த சங்கம்தான். ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம் என்று சட்டம், நாட்டில் இப்படி லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். பொருளாளர் அறிக்கை, கை தூக்கி வாக்கெடுப்பு, ஐஸ் மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேர விவாதம். நம்ம ஊர்க் கோயில் கமிட்டிக் கூட்டம் நினைவுக்கு வந்தது, சத்தம் மட்டும்தான் இல்லை.

11 மே 2025

கேள்விக்காரர் கிளப்பில் செட்டாகிவிட்டார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் ஆள் தெரிகிறது. பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லி ஒரு பெண்ணைப் பதற வைத்தாராம். முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது என்பது இங்கே நம்பிக்கை. படிக்காதவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இயற்பியல் பிஎச்டி மாணவி. கேக்கும் பிறந்தநாள்காரர்தான் கொண்டு வர வேண்டும், நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

எனக்கு வேறு பதவி உயர்வு. ஃபிட்டர் பெரியவர் தன் தோட்டத்துக்கு அழைத்தார். ஊரோரத்தில் வேலி போட்ட சின்னச் சின்ன மனைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடில். ஷ்ரேபர் தோட்டம் என்பார்கள். இந்தத் தோட்டச் சங்க வழக்கத்தில் இந்த மாநிலமான சாக்ஸனிக்குப் பெரிய பங்கு. முதல் ஷ்ரேபர் சங்கம் 1864-இல் பக்கத்து லைப்ஸிகில்தான் தொடங்கியது. மனையில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி பயிரிட வேண்டும், முழுக்கப் புல்வெளி போட்டுச் சாய்வு நாற்காலியில் படுக்க விடமாட்டார்கள். உறுப்பினர்கள் பொதுவேலைக்கும் ஆண்டுக்குச் சில மணி நேரம் கொடுக்க வேண்டும். விருந்துக்கு அழைக்கிறார் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். மண்வெட்டியைக் கொடுத்தார். மாலை வரை கொத்தினேன். அவர் மனைவி உருளைக்கிழங்கு சாலட் வைத்தார். அங்கேதான் முதன்முறையாக, பெர்லின் சுவர் விழுந்த பிறகு தன் ஆலை மூடியதையும் நாற்பது வயதுக்கு மேல் மறுபடி பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததையும் சொன்னார். ஆறு மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் இதைச் சொன்னதில்லை.

இதை நண்பர் என்பதா, தெரியவில்லை. அவருக்கு என் வயதில் பேரன் இருக்கிறான். நான் அவரை மரியாதைப் பன்மையில்தான் பேசுகிறேன். கேள்விக்காரர் "அது கணக்குல வராது, பிரெண்டுன்னா நம்ம வயசு" என்கிறார். நான் வரும் என்கிறேன். இருவரும் டிராம் வரும்வரை சண்டை போட்டோம்.

12 மே 2025

முதுகு வலி. தோட்டத்துக்குப் போகிறவர்கள் குனிந்து கொத்தாதீர்கள்.

6 ஜூலை 2025

செப்டம்பர், அக்டோபரில் வருகிறோம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, தேர்வு.

மாதம் ஒருமுறை நடக்கும் ரிப்பேர் கஃபேயில் நீங்கள் முகம் தெரிந்த ஆளாவதற்கே இரண்டு மாதம் ஆகும். ஒரே செமஸ்டர்தான் என்றால் அதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, வாரந்தோறும் நடக்கும் ஒன்றை முதலில் பிடியுங்கள்: கிளப் டியூட்டி, ஃபுட்ஷேரிங், பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு. நான் அக்டோபரில் தற்செயலாகப் பிடித்த வரிசையை நீங்கள் அப்படியே பின்பற்றத் தேவையில்லை, எனக்குப் பத்து மாதம் இருந்தது. விளையாட்டு வகுப்புகளுக்கு இணையப் பதிவு திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள், பாட்மிண்டன் சட்டென்று நிரம்பிவிடும்.

ஆகஸ்டில் எதுவும் நடக்காது. கிளப் விடுமுறை, கஃபே விடுமுறை, பெரியவர் பால்டிக் கடற்கரையில். அந்த மாதத்தில் வந்து இறங்கி, ஊரில் ஒருவரும் பேசுவதில்லை என்று இங்கே வந்து எழுத வேண்டாம்.

கேள்விக்காரர் இரண்டாம் செமஸ்டருக்கு நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார், பதில் வரவில்லை. கிடைத்தால் அக்டோபரிலிருந்து கேள்விகளை அவரிடம் கேளுங்கள். பிரஷர் குக்கர் எப்படியும் இங்கேதான் இருக்கும், விசில் வெயிட் தொலைந்துவிட்டது. வருகிறவர் ஒன்று எடுத்து வாருங்கள். ரிப்பேர் கஃபேயில் அதற்கு மருந்து இல்லை.